இதவிடப் பெருசு எங்க வீட்ல கெடக்கு

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பதைப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துத் துண்டைச் சரிசெய்துகொள்ளும் ஓர் உயிரினத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதன் பெயர் மேற்பார்வைக் குழு உறுப்பினர்.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். நாட்டின் அருங்காட்சியகங்கள் மக்களின் சொத்து. மக்கள் கட்டும் வரியில் நடப்பவை. ஆகவே அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது, பொருள்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று மக்களில் சிலர் அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும். இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். வந்து பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்தார். வருகிறார்கள். பார்ப்பதுதான் இல்லை.

மற்ற ஊர்களில் எப்படியோ, காரைக்குடிப் பக்கம் இந்த இனத்துக்குத் தனியாக ஒரு கொம்பு உண்டு. இங்கே அருங்காட்சியகத்தை மேற்பார்வை பார்க்க வருகிறவரின் வீடு அருங்காட்சியகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. தூண் பெரிது, கதவு பெரிது, அண்டா பெரிது. அருங்காட்சியகத்தில் சீட்டு வாங்கிப் பார்க்கிற சாமான் அவர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது. அப்படிப்பட்டவரை அழைத்து வந்து, ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, இதைக் காப்பாற்றப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள் என்றால் அவர் என்ன சொல்வார்?

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே கூடங்கள். பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்பு அட்டைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்க நான் அங்கே போய்வருகிறேன். கூட்டம் நடக்கும் அறையில்தான் எனக்கும் மேசை. எழுதுகிறவளை யாரும் கவனிப்பதில்லை என்பது எழுதுகிறவளுக்கு எவ்வளவு வசதி!

குழுவின் தலைவர் ஏகப்பன். மலேசியாவில் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மனசு. இதில் கிண்டல் எதுவும் இல்லை. அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதராக இல்லாவிட்டால் இந்த இனத்தில் சேரவே முடியாது. கெட்டவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

ஏகப்பன் உள்ளே வரும் முறையை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் வாசலில் நின்று குழுவின் பெயர்ப்பலகையைப் படிப்பார். தன் பெயர் போன முறை இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வார். பிறகு விரலால் கண்ணாடிப் பெட்டியின் மேலே ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்து, தூசி இருந்தால் மகிழ்ச்சியும் இல்லாவிட்டால் ஏமாற்றமும் அடைவார். மின்விசிறியைப் போடச் சொல்வார், குறைக்கச் சொல்வார், மறுபடி கூட்டச் சொல்வார். கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். பார்வையாளர் ஏட்டைப் புரட்டி, போன தடவை தான் எழுதிய 'மிக அருமை' என்பதை ஒரு தடவை ரசித்துப் படித்துவிட்டு, கீழே இன்னொரு 'மிக அருமை' எழுதுவார். இத்தனைக்குப் பிறகுதான் போனால் போகிறதென்று ஒரு பொருளைப் பார்ப்பார். பார்த்ததும் இரண்டு கேள்வி.

"இது எத்தன வருசத்துச் சாமான்?"

"நூத்தம்பது இருக்கும் ஐயா" என்பாள் கீர்த்தி.

"எங்கேருந்து வந்துச்சு?"

பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த வாக்கியம் ஒன்றுதான். "இதவிடப் பெருசு எங்க வீட்ல கெடக்கு."

கீர்த்தி யார் என்று சொல்லவில்லையே. அவள்தான் காப்பாட்சியர். தேவகோட்டையிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறாள். தொல்லியல் படித்தவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள், எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறவள். கடைசியாகச் சொன்ன குணம் ஒரு மேற்பார்வைக் குழுவோடு வேலை பார்க்கிறவர்களுக்கு அவ்வளவாகச் சரிப்படாது. ஒருமுறை ஏகப்பன் மூலையில் இருந்த பெரிய மண்தாழியைப் பார்த்தார். ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரியது.

"இதவிடப் பெருசு எங்க வீட்ல மூணு கெடக்கு."

"ஐயா, இது முதுமக்கள் தாழி. அந்தக் காலத்துல செத்தவங்கள உள்ள வச்சுப் பொதைக்கிறது."

ஏகப்பன் தாழியிலிருந்து கையை எடுத்தார். ஆனால் பின்வாங்கவில்லை. இந்த இனம் பின்வாங்காது.

"நான் உசரத்தச் சொன்னேன்" என்றார். "எங்க வீட்ல உள்ளது ஊறுகாய் போடுறது."

"அண்ணன் சொன்னாச் சரி" என்றார் செம்மலை.

செம்மலை சாக்கோட்டைக்காரர், குழுவின் இன்னொரு உறுப்பினர். இவரை இதே இனத்தின் உள்பிரிவு என்று கொள்ளலாம்: வழிமொழிபவர். கூட்டம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார், தீர்மானம் என்ற சொல் கேட்டால் திறப்பார். அவர் விழித்த நிலையில் முழுமையாகக் கலந்துகொண்ட ஒரே விவாதம், கூட்டத்துக்கு வெள்ளைப் பணியாரம் வாங்குவதா, கந்தரப்பம் வாங்குவதா என்பது. அந்த விவாதத்தின் ஆழத்தையும் சூட்டையும் அந்தத் தாழிக்குள் இருந்தவரே எழுந்து பாராட்டியிருப்பார். இரண்டும் வாங்கலாம் என்று ஒருமனதாக முடிவானது.

இனி கூரைக்கு வருவோம். இரண்டு வருடமாகக் கீர்த்தி அங்கேதான் நிற்கிறாள்.

இரண்டாவது கூடத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த அரக்குப் பெட்டிகள் இருந்தன. மூங்கிலைப் பின்னி, மேலே அரக்கை அடுக்கடுக்காகப் பூசி, சிவப்பும் கறுப்புமாகச் சித்திரம் போட்டவை. ஈரம் பட்டால் அரக்கு உப்பிப் பெயர்ந்துவிடும். கீர்த்தி அவற்றை நகர்த்தி, தார்ப்பாய் போர்த்தி, சொட்டும் இடத்தில் ஓர் அலுமினிய அண்டாவை வைத்திருந்தாள். அருங்காட்சியகத் துறையிலிருந்து முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: கூரையைப் பழுது பார்க்கப் பணம் தரலாம், ஆனால் குழு பரிந்துரைக்க வேண்டும், ஐப்பசி மழைக்குள் பரிந்துரை வராவிட்டால் கட்டடத்தைப் பூட்டிப் பொருள்களை வேறு ஊரில் உள்ள சேமிப்புக் கிட்டங்கிக்கு அனுப்பிவிடுவோம். கிட்டங்கிக்குப் போன பொருள் திரும்பி வந்து கீர்த்தி பார்த்ததில்லை. வேலையும் போகும். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது பெட்டிகளைப் பற்றிச் சொல்லும்போதுதான்.

இந்த விவரங்களையெல்லாம் அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னாள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏகப்பன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் தப்பாச் சொல்லலத்தா, பொதுவாச் சொல்றேன். இது மக்களோட வரிப்பணம். கூரை ஓட்டுக்கும் சிமெண்டுக்கும் கொட்டுனா மக்கள் நம்மளக் கேக்க மாட்டாகளா? வாசல்ல ஒரு வளைவு கட்டுவோம். பக்கத்துல செல்ஃபி எடுக்க ஒரு எடம். ராத்திரில எரியிற மாதிரி எழுத்து. நாலு பேரு வந்து நிப்பாக."

"ஐயா, கூரை..."

"கூரைய யாரும்மா அண்ணாந்து பாக்குறாக?"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வளைவில் தலைவர் பெயர், உறுப்பினர் பெயர், திறந்து வைத்தவர் பெயர், தேதி எல்லாம் பொறிக்கலாம். கூரையில் என்ன பொறிப்பது? பொறித்தாலும் காக்காய்தான் படிக்கும். இந்த நாட்டில் வளைவில்லாத காரணத்தால் அழிந்த அருங்காட்சியகம் ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் பணம் வந்தால் முதலில் வளைவுதான் எழுந்து நிற்கிறது. வளைவைத் தாண்டி உள்ளே போனால் குடை பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். அதனால் என்ன? குடையோடு செல்ஃபி இன்னும் நன்றாக இருக்குமே.

புரட்டாசிக் கூட்டத்தன்று காலையிலேயே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. கீர்த்தி எப்படியோ தலைவரை இரண்டாவது கூடத்துக்குள் அழைத்து வந்துவிட்டாள். சொட்டு அண்டாவில் விழுந்துகொண்டிருந்தது. டொங்க். டொங்க். கண் இருக்கிறவனுக்குக் கண்ணும் காது இருக்கிறவனுக்குக் காதும் போதும், நான் சொல்ல எதுவும் இல்லை என்பது போல் அவள் பேசாமல் நின்றாள். ஏகப்பன் அண்டாவைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். விளிம்பைத் தட்டிப் பார்த்தார். நானும் பேனாவை வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றேன்.

"இதவிடப் பெரிய அண்டா எங்க வீட்ல கெடக்கு" என்றார் ஏகப்பன்.

கீர்த்தி சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறவள் என்றேனே, அவளுக்கு மற்றவர்கள் சொல்வதும் உண்மையாகவே படும்.

"குடுத்தீகன்னா ரொம்ப உதவியா இருக்கும் ஐயா. இது சீக்கிரம் நெறஞ்சுருது."

கூடத்தில் செம்மலை இருந்தார், பணியாரம் கொண்டு வந்தவர் இருந்தார், சீட்டுக் கொடுப்பவர் இருந்தார், நான் இருந்தேன். இவ்வளவு பேர் முன்னால் ஒரு பெரிய வீட்டுக்காரர் என்ன சொல்ல முடியும்?

"அண்டா என்னத்தா அண்டா! பர்மாப் பெட்டி கெடக்கு, எனாமல் அடுக்கு கெடக்கு, வெண்கலப் பானை கெடக்கு. ஒரு வண்டி அனுப்புறேன். வச்சுக்கங்க!"

"அண்ணன் சொன்னாச் சரி" என்றார் செம்மலை. கூரையைப் பற்றிய பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

இந்த இனம் 'அனுப்புறேன்' என்று சொல்வது, நாம் வழியில் பார்த்தவரிடம் 'ஒருநாள் வீட்டுக்கு வாங்க' என்று சொல்வதைப் போன்றது. யாரும் மறுநாள் பெட்டியோடு வந்து நிற்பதில்லை. இது கீர்த்திக்குத் தெரியாது. மறுநாள் காலை அவர் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். எடுத்தது சீதை ஆச்சி, ஏகப்பனின் மனைவி. ஏகப்பன் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார்.

"ஐயா ஒரு வண்டி சாமான் அனுப்புறேன்னு சொன்னாக ஆச்சி. எப்ப வரும்னு தெரிஞ்சா எடம் ஒதுக்கி வைப்பேன்."

"யாரு, எங்க வீட்டு ஐயாவா சொன்னாக?"

"ஆமா ஆச்சி."

"என்னென்ன சொன்னாக? ஒண்ணு விடாமச் சொல்லு பாப்போம்."

கீர்த்தி சொன்னாள். அண்டாவிலிருந்து தொடங்கி, இரண்டு வருடத்தில் எங்க வீட்டில் கிடக்கிறது என்று அவர் சொன்ன அத்தனையையும் சொன்னாள். ஊறுகாய் ஜாடியைக்கூட விடவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றார் சீதை ஆச்சி. "வண்டி வரும்."

சீதை ஆச்சியின் பக்கத்தையும் கேட்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாமான்களைப் பொங்கலுக்குப் பொங்கல் வெளியே எடுத்து, புளி போட்டு விளக்கி, வெயிலில் காயவைத்து, திரும்ப உள்ளே அடுக்கிக்கொண்டிருப்பவர் அவர். ஏகப்பனுக்கு அவை பேசுவதற்கு. ஆச்சிக்கு அவை தேய்ப்பதற்கு. மகனிடம் கேட்டால், "இங்க எங்கம்மா வைக்கிறது?" என்கிறான். மகளிடம் கேட்டால் சிரிக்கிறாள். இப்படி இருக்கையில், நல்ல இடத்தில் நாலு பேர் பார்க்க வைத்துக்கொள்கிறோம் என்று ஒருத்தி தானாக ஃபோன் செய்து கேட்டால்?

அன்று பிற்பகலே வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. சின்ன சரக்கு வண்டிக்கு அதுதான் இங்கே பெயர். ஓட்டி வந்த பாண்டிமுருகன் இறங்கி, "எங்குட்டு எறக்க?" என்றார். முன் இருக்கையிலிருந்து சீதை ஆச்சியும் இறங்கினார். "புளி போட்டுப் பளபளன்னு வெளக்கிக் கொண்டாந்திருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னார். பழைய உலோகத்தை எக்காரணம் கொண்டும் தேய்க்கக் கூடாது என்று படித்த கீர்த்தியின் முகம் ஒரு கணம் எப்படியோ போயிற்று. பிறகு சமாளித்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்கு ஆச்சி" என்றாள். நான் அறிந்து அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

முதல் கூடத்தில் இடமில்லை. ஆகவே சாமான்கள் இரண்டாவது கூடத்தில் இறங்கின. கீர்த்தி வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. இடம் அங்கேதான் இருந்தது. அப்படித்தான் அவள் என்னிடம் சொன்னாள். நான் நம்புகிறேன்.

அடுத்த நாள் ஏகப்பன் ஊர் திரும்பினார். வீட்டில் மாடிப்படிக்குக் கீழே வெறும் தரையைப் பார்த்தார். சட்டையைக்கூட மாற்றாமல் ஆட்டோ பிடித்து வந்தார். பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை. விரலால் தூசி பார்க்கவில்லை. மின்விசிறி, கழிப்பறை, பார்வையாளர் ஏடு எதுவும் இல்லை. நேரே இரண்டாவது கூடம். வெளியே மழை பிடித்திருந்தது. உள்ளே சீதை ஆச்சி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன் பர்மாப் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் நன்றாகத் தெரியும் என்று கீர்த்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு இதெல்லாம் தூக்கிக் குடுத்த?"

"யாரக் கேக்கணும்?" என்றார் ஆச்சி. வெண்கலப் பானையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். "கண்ணாடியப் போட்டுப் பாருங்க. எங்கப்பச்சி வெலாசம் வெட்டியிருக்கு."

ஏகப்பன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கத்துச் செட்டிமார் வீடுகளில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அவள் அப்பச்சி, அதாவது அப்பா வீட்டுப் பெயரின் முதலெழுத்துகளை வெட்டித் தருவார்கள். அதுதான் விலாசம். எந்த வீட்டில் எத்தனை வருடம் கிடந்தாலும் அந்தப் பொருள் அவளுடையது. இரண்டு வருடமாக அவர் 'எங்க வீட்ல கெடக்கு' என்று பெருமை பேசியதெல்லாம், ஒரு கரண்டி பாக்கியில்லாமல், மாமனார் வீட்டுச் சாமான்.

"அதோட, குடுக்குறேன்னு சொன்னது நீங்கதான? நாலு பேரு கேட்டிருக்காக. பெரிய வீட்டு ஆளு சொன்ன சொல்லு மாறலாமா?"

"அண்ணன் சொன்னாச்..." என்று எதற்கோ அங்கே வந்திருந்த செம்மலை ஆரம்பித்து, ஆச்சி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு சொட்டு விழுந்தது. அலுமினிய அண்டாவில் இல்லை. மழை பலத்ததும் கூரை புதிதாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தது. பர்மாப் பெட்டிக்கு அரை அடி தள்ளி ஒரு சொட்டு. அடுத்தது ஏகப்பனின் நெற்றியில். திருநீறு கரைந்து மூக்கின் வழியே ஓடியது.

ஏகப்பன் அண்ணாந்து பார்த்தார். பதவியேற்ற பிறகு முதல் முறையாக.

"என்னத்தா இது, கூரை ஒழுகுது?"

"ரெண்டு வருசமா ஒழுகுது ஐயா."

"ரெண்டு வருசமாவா! எங்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலையே!"

கீர்த்தி என்னைப் பார்த்தாள். புதுச் சாமான்களுக்கு அட்டை எழுத அங்கே வந்திருந்த நான், எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

அதன்பின் நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம். பணியாரம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பரிந்துரை எழுதப்பட்டது, வழிமொழியப்பட்டது. அதைத் தபாலில் போட்டால் தாமதமாகும் என்று ஏகப்பனே ரயிலேறிப் போய்த் துறையில் நேரில் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை, அங்கே இருந்த அதிகாரியிடம், "மக்களோட வரிப்பணம் சார். இதுக்கு இல்லாம வேற எதுக்கு?" என்று கேட்டாராம். அந்த அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டதாகவும் கேள்வி. வளைவு என்ன ஆயிற்று என்று செம்மலை ஒருமுறை கேட்டார். "வளைவ யாருய்யா பாக்குறாக?" என்று பதில் வந்தது.

ஐப்பசி பிறப்பதற்குள் கூரை வேயப்பட்டது. எழுத்து எதுவும் பொறிக்கவில்லை. அரக்குப் பெட்டிகள் தார்ப்பாயை விட்டு வெளியே வந்து, சீதை ஆச்சியின் பெட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கீர்த்தி இன்னும் தேவகோட்டைப் பேருந்தில் வந்துபோகிறாள். இடையில் குறிப்பு அட்டை விஷயத்தில் மட்டும் சின்னச் சண்டை. 'ஏகப்பன் அவர்களின் நன்கொடை' என்று போடலாமே என்று அவர் என் மேசைக்கு வந்து மெல்லக் கேட்டார். நான் ஆச்சியிடம் கேட்டேன். 'சீதை ஆச்சி, இரவலாகத் தந்தது' என்று இரண்டு மொழியிலும் எழுதி வைத்தேன்.

இப்போதெல்லாம் ஏகப்பன் கூட்டமில்லாத நாளிலும் வருகிறார். மழை நாளென்றால் கட்டாயம் வருகிறார். மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார், வருகிறவர்களுக்குப் பெட்டியில் உள்ள சித்திரத்தை விளக்குகிறார். உள்ளபடியே நன்றாக விளக்குகிறார். கீர்த்தியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. கணவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அதில் தெரிந்த தன் மீசையை ஒதுக்கிக்கொண்டு, மனைவியிடம் சொன்னார்: "ஹூம். இதவிடப் பெருசு நம்ம வீட்ல கெடக்கு."

ஏகப்பன் மெல்ல அவர் பக்கத்தில் போனார்.

"அப்படியா தம்பி? வண்டி அனுப்பவா?"

நான் சொன்ன இனம் குழுக்களில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கடைசியாக நீங்கள் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனது எப்போது? மின்விசிறிக்குக் கீழே நின்றீர்கள், சரி. அப்புறம்? ஏட்டில் 'மிக அருமை' எழுதினீர்கள். வெளியே வந்து, நம் வரிப்பணத்தை என்னதான் செய்கிறார்களோ என்று அலுத்துக்கொண்டீர்கள். அந்த ஒரு வாக்கியமும் நாக்கு நுனிவரை வந்திருக்குமே?

சொல்லுங்கள், தடையில்லை. சொல்வதற்கு முன்னால் ஒருமுறை கூரையை அண்ணாந்து பாருங்கள். பிறகு பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். நீங்கள் சொல்லப்போகும் அந்த அண்டாவில் வெட்டியிருப்பது அவருடைய அப்பச்சி விலாசமாக இருக்கலாம்.